பிஸ்டன் ஹெட்டில் இடிக்கிறது, கன்ட்ரோலர் கிட் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர், மெக்கானிக்கல் இறுதியாண்டு. பழைய மொபெட்டின் 70 சிசி டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர் இரண்டை எதிரெதிரே வைத்து, ஒரே தண்டில் இரண்டு பிஸ்டன், நடுவில் காந்தமும் காயிலும் பொருத்தி ஃப்ரீ பிஸ்டன் ஜெனரேட்டர் (கிராங்க் இல்லாமல் பிஸ்டனின் ஆட்டமே நேராக மின்சாரம் தரும் இன்ஜின்) செய்திருக்கிறோம். சிலிண்டரின் உள்விட்டம் 46 மி.மீ., நகரும் எடை மொத்தம் 2.5 கிலோ. காயிலில் மின்சாரம் கொடுத்து ஆட்டிவிட்டு ஸ்பார்க் கொடுத்தால் இரண்டு மூன்று முறை வெடித்து நின்றுவிடுகிறது. ஒருமுறை பிஸ்டன் ஹெட்டில் இடித்துத் தழும்பே விழுந்தது. 22,000 ரூபாய்க்கு, பிஸ்டனைக் கட்டுப்படுத்தும் 'பிஐடி கன்ட்ரோலர் கிட்' போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ப்ராஜெக்ட் சென்டர்காரர். 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா? இன்னும் ஆறு வாரத்தில் ஃபைனல் ரிவ்யூ.

பதில்: கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. வெடித்து நிற்பதற்கும் கன்ட்ரோலருக்கும் சம்பந்தமே இல்லை. ஹெட்டில் இடிப்பதற்குச் சம்பந்தம் உண்டு, ஆனால் அந்தக் கிட்டால் அது தீராது.

முதலில் வெடித்து நிற்பது. மொபெட்டில் அந்த சிலிண்டருக்குக் கீழே மூடிய கிராங்க் கேஸ் இருந்தது. பிஸ்டன் இறங்கும்போது அதற்குள் இருந்த கலவை அழுந்தி, சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் என்ற திறப்பு வழியாக மேலே ஏறி, எரிந்த புகையை வெளியே தள்ளியது. நீங்கள் கிராங்க்கைக் கழற்றியபோது அந்த பம்ப்பையும் சேர்த்துத்தான் கழற்றிவிட்டீர்கள். உள்ளே ஏற்கெனவே இருந்த நல்ல கலவை இரண்டு மூன்று தடவைக்கு வந்தது. அதன்பின் சிலிண்டரில் புகைதான். சந்தேகமிருந்தால் இன்றே பாருங்கள்: நின்றதும் ஸ்பார்க்கை அணைத்துவிட்டு, இருபது முப்பது முறை வெறுமனே ஆட்டுங்கள். பிறகு ஸ்பார்க் கொடுங்கள். மறுபடி இரண்டு மூன்று முறை வெடித்து நின்றால் கோளாறு இதுதான்.

இதற்கு ஒரு ப்ளோவர் வேண்டும். நொடிக்கு 20 முதல் 25 சுற்று என்றால் இரு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு நாலைந்து லிட்டர் காற்று, 0.1 முதல் 0.2 பார் அழுத்தத்தில். வேக்குவம் கிளீனர் மோட்டார் ஒன்றே இதைக் கொடுக்கும். ஆனால் அதன் கார்பன் பிரஷ்ஷில் எப்போதும் பொறி பறக்கும். பெட்ரோல் கலந்த காற்றை அதன் வழியாக விடவே கூடாது. ப்ளோவர் வெறும் காற்றைத் தள்ளட்டும், பெட்ரோல் அதைத் தாண்டிய பிறகு சேரட்டும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள், கை முகம் வெந்துவிடும்.

இனி ஹெட்டில் இடிப்பது. சாதாரண இன்ஜினில் பிஸ்டன் எதுவரை போகலாம் என்பதைக் கிராங்க்கும் கனெக்டிங் ராடும் முடிவு செய்கின்றன. உங்கள் இன்ஜினில் அப்படிக் கட்டிப்போடும் கயிறு எதுவுமில்லை. இந்தப் பக்க வெடிப்பு எவ்வளவு ஆற்றலைத் தந்ததோ, அந்த அளவுக்கு அந்தப் பக்கக் காற்றை அழுத்திவிட்டுப் பிஸ்டன் திரும்பும். ஆற்றல் குறைந்தால் அழுத்தம் போதாமல் அடுத்த வெடிப்பு வராது. கூடினால் இடி. ஃப்ளைவீலும் இல்லாததால் ஒரே ஒரு மிஸ்ஃபயர் போதும், இன்ஜின் நின்றுவிடும். ஆகவே நீங்கள் கட்டுப்படுத்த வேண்டியது ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் பிஸ்டனிடம் இருக்கும் ஆற்றலை. பிஸ்டன் இருக்கும் இடத்தைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பதுதான் தப்பு.

உங்கள் அளவுகளையே வைத்துப் பார்ப்போம். எக்ஸாஸ்ட் போர்ட் மேலிருந்து 28 மி.மீ.-ல் இருப்பதாகவும், மொத்த ஓட்டம் 42 மி.மீ. என்றும் வைத்துக்கொள்கிறேன். அளந்து திருத்திக்கொள்ளுங்கள். இடது பக்கம் வெடித்துப் பிஸ்டன் வலதுபுறம் போகிறது. 28 மி.மீ. நகர்ந்ததும் இடது போர்ட் திறந்துவிடும், அதன்பின் தள்ளுவதற்கு வாயு இல்லை. வலது பக்கம் மீதி 14 மி.மீ. தூரத்தைத் தன் வேகத்திலேயே அழுத்திக் கடக்க வேண்டும். வலது பக்கம் 7 மடங்கு அழுத்தம் வர, அதாவது வாயு ஏழில் ஒரு பங்கு இடத்துக்குச் சுருங்க, அந்த இடத்தில் பிஸ்டனிடம் ஏறக்குறைய 10 ஜூல் இருக்க வேண்டும். 2.5 கிலோவுக்கு அது நொடிக்கு 2.8 மீட்டர் வேகம். இந்த ஒரு எண்தான் உங்கள் கன்ட்ரோலரின் உயிர்.

போர்ட் திறக்கும் அந்த இடத்தில் வேகத்தை அளங்கள். வேகத்திலிருந்து ஆற்றல் தெரியும். 8 ஜூல்தான் இருக்கிறது என்றால் 2 ஜூல் குறை. 2-ஐ 0.014 மீட்டரால் வகுத்தால் 143 நியூட்டன். உங்கள் காயில் ஓர் ஆம்பியருக்கு 12 நியூட்டன் இழுக்கும் என்றால் 12 ஆம்பியர் கொடுத்துத் தள்ளிவிடுங்கள். மாறாக 13 ஜூல் இருந்தால் 3 ஜூல் மிச்சம்: 214 நியூட்டன், சுமார் 18 ஆம்பியர், எதிர்த்திசையில். அதாவது அந்த அளவுக்கு ஜெனரேட்டராக மின்சாரம் எடுத்துவிட வேண்டும். இதை முடிக்க உங்களுக்குக் கிடைப்பது ஏழெட்டு மில்லி விநாடி. அடுத்த ஸ்ட்ரோக்கில் மறுபடி அளந்து மறுபடி திருத்தம். பெட்ரோல் அளவை இந்த வேகத்தில் மாற்றாதீர்கள். பத்து இருபது சுற்றின் சராசரியைப் பார்த்து மெல்லக் கூட்டிக் குறையுங்கள். இரண்டையும் ஒரே வேகத்தில் திருத்தினால் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு இன்ஜின் தள்ளாடும்.

பிஐடி என்று அவர்கள் விற்பது, பிஸ்டன் ஒவ்வொரு நொடியும் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு வரைந்து அதன்மேல் பிஸ்டனை நடக்க வைக்கப் பார்க்கும் புரோகிராம். வெடிப்பின்போது சிலிண்டரில் 30 பார் வந்தால் 46 மி.மீ. பிஸ்டன்மேல் விழும் விசை 5,000 நியூட்டன், அரை டன் பாரம். உங்கள் காயில் முழு மூச்சில் இழுத்தாலும் 300 நியூட்டனைத் தாண்டாது. யானையைக் கயிறு கட்டி இழுத்து வரிசையில் நிறுத்துகிற கதைதான். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 'மெய்நிகர் கிராங்க்' என்று பிஸ்டனைக் கோட்டின்மேல் ஓட்டிக் காட்டினார்கள், உண்மை. அங்கே பிஸ்டனைப் பிடித்திருந்தது அதிவேக வால்வும் ஹைட்ராலிக் எண்ணெயும். அந்தத் தலைப்பை மட்டும் எடுத்து உங்கள் ரிப்போர்ட்டின் அட்டையில் போட்டுத் தருவார்கள், ஏமாறாதீர்கள்.

ஹெட்டைப் பற்றி ஒரு வார்த்தை, இது எலெக்ட்ரானிக்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. மொபெட் ஹெட்டில் குழி இருக்கிறது. அது 5 சிசி என்று வையுங்கள். 7 மடங்கு அழுத்தத்தில் மிச்ச இடம் 7.75 சிசி. குழி போகப் பிஸ்டனுக்கும் ஹெட்டின் விளிம்புக்கும் நடுவே 1.65 மி.மீ. மட்டுமே. ஆற்றல் 50 சதவீதம் கூடினால் வாயு 4.9 சிசி-க்குச் சுருங்கும். குழியே 5 சிசி என்பதால் அதற்கு முன்பே உலோகம் உலோகத்தில் மோதிவிடும். உங்களுக்கு விழுந்த தழும்பு இப்படித்தான் விழுந்திருக்கும். குழியே இல்லாத தட்டை ஹெட் ஒன்றை அலுமினியத்தில் கடைந்து போடுங்கள். அதே 7.75 சிசி இப்போது 4.7 மி.மீ. இடைவெளியாகப் பரவும். அதே 50 சதவீதக் கூடுதலிலும் கிட்டத்தட்ட 3 மி.மீ. மிச்சம் இருக்கும். வாயுவே மெத்தை. ஸ்பார்க் பிளக்கின் முனை இந்த இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டிருக்காமல் சற்று உள்வாங்கி உட்காரட்டும்.

இனி அந்தக் கிட். இப்படிப்பட்ட கிட்டுகளில் வழக்கமாக வருவதைச் சொல்கிறேன், உங்களுடையதைத் திறந்து ஒப்பிடுங்கள். இடம் அளக்க அல்ட்ராசோனிக் சென்சார் வைத்திருப்பார்கள். அது ஒருமுறை அளந்து அடுத்ததற்குத் தயாராக 60 மில்லி விநாடி விடச் சொல்கிறது அதன் டேட்டாஷீட். உங்கள் இன்ஜின் ஒரு முழுச் சுற்றை 40 முதல் 50-க்குள் முடித்துவிடும். அடுத்தது ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய கன்ட்ரோல் போர்டு, அதில் ஒவ்வொரு அளவையும் திரையில் அச்சிடும் புரோகிராம். 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லி விநாடி ஆகிறது. பஃபர் நிரம்பியதும் இருபது எழுத்து அச்சிடும் நேரத்தில் ஒரு ஸ்ட்ரோக்கே போய்விடும். மூன்றாவது 12 வோல்ட் டிரைவர். ஓர் ஆம்பியருக்கு 12 நியூட்டன் தரும் காயில், 2.8 மீட்டர் வேகத்தில் தானே 34 வோல்ட்டை எதிர்த்து உற்பத்தி செய்யும். 12 வோல்ட் பேட்டரி, வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டியதுமே தள்ள முடியாமல் கைவிட்டுவிடும். உங்களுக்கு 48 வோல்ட் வேண்டும். நான்கு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டாலே போதும்.

இவற்றைவிட மோசமானது, புரோகிராமின் சோர்ஸ் தரமாட்டார்கள், திருத்த முடியாத ஹெக்ஸ் ஃபைல் மட்டும்தான். ஒரு எண்ணை மாற்ற வேண்டுமானாலும் மறுபடி அவர்கள் கடைக்குப் போக வேண்டும், ரிவ்யூவுக்கு முந்தைய நாள் மீதிப் பணம் கேட்பார்கள். ஒரே ரிப்போர்ட்டைக் கல்லூரி பெயர் மட்டும் மாற்றிப் பல குழுக்களுக்கு விற்பார்கள். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் "ஸ்பார்க் எதைப் பார்த்து வருகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் நான்கு பேரும் முகம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதிலையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் நேரத்தைப் பார்த்து வரக் கூடாது, பிஸ்டனின் இடத்தைப் பார்த்து வர வேண்டும். திரும்பும் இடத்துக்கு 3 மி.மீ. முன்னால் என்று வைத்துத் தொடங்கலாம். ஆற்றல் குறைந்த ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் அந்த இடத்தை எட்டாமலே திரும்பிவிடும், ஸ்பார்க் வராது, இன்ஜின் நிற்கும். ஆகவே வேகம் நொடிக்கு 0.3 மீட்டருக்குக் கீழே இறங்கினாலும் ஸ்பார்க் வரட்டும் என்று இரண்டாவது நிபந்தனை எழுதுங்கள். காயில் வகை இக்னிஷன் மின்னேற்றத்துக்கு இரண்டு மூன்று மில்லி விநாடி கேட்கும். கெப்பாசிட்டரில் முன்பே மின்னேற்றி வைத்திருக்கும் சிடிஐ உடனே பொறி தரும், அதையே போடுங்கள்.

இடம் அளக்க காந்தப் பட்டை லீனியர் என்கோடர் வாங்குங்கள், 50 மைக்ரான் துல்லியம் போதும். நொடிக்கு 3 மீட்டரில் அதுவே நொடிக்கு 60,000 துடிப்பு. அதைப் புரோகிராமால் எண்ண முயலாமல், துடிப்பு எண்ணும் கவுன்ட்டர் சிப்புக்குள்ளேயே இருக்கும் எஸ்டிஎம்32 அல்லது இஎஸ்பி32 போர்டு எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் ஒன்று வைத்து ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையைத் திருத்துங்கள். காயிலின் இழுவையை அளக்கக் கடையில் தொங்கும் ஸ்பிரிங் தராசு போதும். 5 ஆம்பியர் விட்டு 6 கிலோ காட்டினால் ஆம்பியருக்கு 12 நியூட்டன். காந்தம் வாங்கும்போது 'என்52, இருப்பதிலேயே பவர்ஃபுல்' என்று தலையில் கட்டுவார்கள். பின்னெழுத்து இல்லாத அந்த ரகம் 80 டிகிரி வரைதான் தாங்கும். பிஸ்டன் தண்டின் வழியாகச் சூடு நேரே காந்தத்துக்குத்தான் வரும். 150 டிகிரி தாங்கும் எஸ்எச் ரகம் கேளுங்கள்.

மேலே சொன்னது பொருந்தாத வகை ஒன்று உண்டு. இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் கண்ணில் படும், குழம்புவீர்கள், அதனால் விரித்தே சொல்கிறேன். நெதர்லாந்தின் இன்னாஸ் நிறுவனம் செய்த 'கைரான்' என்ற இன்ஜினில் ஒரே பிஸ்டன், மறுமுனையில் ஹைட்ராலிக் எண்ணெய். ஒவ்வொரு ஸ்ட்ரோக் முடிந்ததும் பிஸ்டன் கீழ்முனையில் நின்றுவிடும். வால்வைத் திறந்தால்தான் அடுத்த ஸ்ட்ரோக். அழுத்தத்துக்கு வேண்டிய ஆற்றல் முந்தைய வெடிப்பிலிருந்து வருவதில்லை, எண்ணெய் அழுத்தம் சேர்த்து வைத்த அக்யுமுலேட்டரிலிருந்து வருகிறது. எனவே ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் ஒரே அளவு, மிஸ்ஃபயர் ஆனாலும் இன்னொரு முறை வால்வைத் திறந்தால் போதும். அதிக பவர் வேண்டுமானால் இடைவேளையைக் குறைப்பார்கள், குறைவாக வேண்டுமானால் கூட்டுவார்கள். உங்களுடையது இரட்டை சிலிண்டர், ஒரு பக்கத்தின் வெடிப்புதான் மறு பக்கத்தின் அழுத்தம். இடைவேளை விட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆகவே 'இடைவேளை கன்ட்ரோல்' பற்றிய கட்டுரைகளை உங்கள் ரிப்போர்ட்டில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவு நிலைமைக்கும் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜீரோத் ரிவ்யூ என்ற முதல் கட்டத்தில் தலைப்புக்கு 'ஐஓடி', 'ஏஐ' என்று வால் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், சிலிண்டருக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஆளில்லை. ஒரு கைடுக்கு ஏழெட்டுக் குழு. லேபில் அழுத்தம் அளக்கும் சென்சார் பூட்டிய பீரோவுக்குள் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் நாலரைக்குக் கிளம்பிவிடுகிறார். பிள்ளைகள் ப்ராஜெக்ட் சென்டர் வாசலில் போய் நிற்காமல் என்ன செய்வார்கள்? எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து அந்த சென்சாரை வாங்குங்கள். தர மறுப்பதை எழுத்தில் தர யாருக்கும் துணிவு வராது.

ஆறு வாரத்தில் முதல் இரண்டு வாரம் பெட்ரோலே ஊற்றாதீர்கள். காயிலை மோட்டாராக வைத்து, பிஸ்டன் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே 100 முதல் 150 நியூட்டன் தள்ளுங்கள், திரும்பியதும் திசையை மாற்றுங்கள். ஊஞ்சலை உந்துவதைப் போலத்தான், சில ஆட்டத்திலேயே வேகம் ஏறி 2.8 மீட்டரை எட்டும். எட்டாவிட்டால் ரிங்கில் கசிவு அல்லது உராய்வு, அதைத் தீர்த்துவிட்டு மேலே போங்கள். எட்டியபின், ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் 10 ஜூலில் நிற்கிறதா என்று வரைபடம் எடுங்கள். இந்த வரைபடமே ரிவ்யூவில் காட்டத் தகுந்தது. அதன்பிறகுதான் ப்ளோவர், பெட்ரோல், ஸ்பார்க். பெட்ரோலில் லிட்டருக்கு 30 மி.லி. டூ-டி ஆயில் கலக்க மறக்காதீர்கள். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நிறுத்தும்போது முதலில் பெட்ரோல், அடுத்து ஸ்பார்க், பிஸ்டன் நின்ற பிறகே ஜெனரேட்டர் லோடு. லோடை முதலில் கழற்றினால் எடுத்துக்கொண்டிருந்த ஆற்றல் முழுவதும் பிஸ்டனிடமே தங்கி நேரே ஹெட்டுக்குப் போகும். பேட்டரி ஒயர் தற்செயலாகக் கழன்றாலும் இதே கதிதான். அதற்காக மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வழியாக ஒரு பெரிய ரெசிஸ்டரைத் தனியே இணைத்து, பேட்டரி இணைப்பு லைனின் வோல்டேஜ் 58-ஐத் தாண்டியதும் அது தானே ஏற்கும்படி செய்துவிடுங்கள். நிறுத்தும் வரிசையைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.