எந்த வங்கியும் கடன் தராத ஃபிளாட்டை விற்க முடியுமா? பாதி விலைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா?

கொடுக்க வேண்டாம். குறைந்தபட்சம் இந்த மாதம் வேண்டாம்.

கிருஷ்ணகிரியில் அப்பா வாங்கிய ஃபிளாட்டுக்கு மூன்று வங்கிகள் கடன் மறுத்துவிட்டன, தரகர் பாதி விலை பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே சிக்கலில் ஓசூரில் பதினான்கு மாதம் அலைந்து, 2024 அக்டோபரில் என் ஃபிளாட்டை விற்றேன். அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

தளி சாலைப் பக்கம், மூன்றாவது மாடி, 850 சதுர அடி. 2011இல் 16 லட்சத்துக்கு வாங்கினேன். அப்போது சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் வேலை. ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் மறுபேச்சில்லாமல் கடன் கொடுத்தது. கடன் கொடுப்பவன் ஆராயாமலா கொடுப்பான் என்று நானும் எதையும் ஆராயவில்லை. பத்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டியதோடு சரி. 2019இல் கடன் முடிந்தது.

2023 ஆகஸ்டில் விற்கலாம் என்று இறங்கியபோது முதல் வாரத்திலேயே ஓர் இளம் பொறியாளர் வந்தார். 28 லட்சம் பேசி முடித்தோம். முப்பது லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. அவர் கையில் நான்கைந்து லட்சம்தான் இருந்தது. மீதியை வங்கி தரும் என்ற கணக்கு. வங்கி வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்த்துச் சரி என்றார். பிறகு மதிப்பீட்டுப் பொறியாளர் வந்தார். கையில் வரைபட நகல். கீழே நின்று மாடிகளை எண்ணினார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணினார்.

"சார், தரைத்தளமும் முதல் மாடியும்தான் வரைபடத்தில் இருக்கின்றன. உங்கள் வீடே இதில் இல்லையே."

பன்னிரண்டு ஆண்டுகள் நான் குடியிருந்த வீடு காகிதத்தில் வெறும் ஆகாயம். அந்த இடம் அப்போது ஊராட்சியில் இருந்தது. ஊராட்சி கொடுத்த அனுமதிக்கு மேல் கட்டுநர் இரண்டு மாடி ஏற்றி விற்றுவிட்டுப் போய்விட்டார். ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. எங்கள் வரைபடம் மட்டும் வளரவேயில்லை. கடன் மறுக்கப்பட்டது. அந்தப் பையனுக்குச் செயலாக்கக் கட்டணம் நஷ்டம். முன்பணம் ஐம்பதாயிரத்தை அன்றே திருப்பிக் கொடுத்தேன். "வேறு வங்கியில் நமக்கு ஆள் இருக்கிறது" என்று தரகர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அங்கும் அதே பதில், இரண்டு மாதம் தாமதமாக.

எனக்குக் கொடுத்தவர்கள் இவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை? 2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் வங்கி வழக்கறிஞர்களின் கண் கூர்மையாகிவிட்டது. ஒரு காலத்தில் கண்டும் காணாமல் விட்டதை இப்போது விடுவதில்லை. 2017இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் (அனுமதி இல்லாதவற்றை முறைப்படுத்தும் அரசுத் திட்டம்) இதைச் சரிசெய்துவிடலாம் என்று உங்கள் தரகரும் சொல்லக்கூடும், என்னிடம் இருவர் சொன்னார்கள். அது மனைகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் உரியது. மனையின்மேல் அனுமதி மீறி எழுந்த மாடிக்கு உதவாது. கட்டடங்களுக்கென்று இருக்கும் வரன்முறைப் பிரிவோ 2007 ஜூலை 1க்குள் கட்டி முடித்தவற்றுக்குத்தான். எங்களுடையது 2010. மூன்று வருடத்தில் தவறவிட்டோம்.

இந்த இடத்தில்தான் உங்கள் தரகரைப்போல ஒருவர் என்னிடமும் வந்து 15 லட்சம் என்றார். கொடுத்துவிடவும் இருந்தேன். ஓசூர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் என் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, தாய்ப் பத்திரம் (எனக்கு முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்) முதல் முப்பது வருட வில்லங்கச் சான்று (சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) வரை பார்த்து, நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த நான்கு பக்கத்தின் சாரம் இது: உரிமையில் பழுதில்லை, அனுமதியில்தான் பழுது.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். "வங்கி மறுத்துவிட்டது" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. உரிமைப் பழுது என்றால், விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதே சந்தேகம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஒருவர் கையெழுத்து இல்லை, மைனர் பங்கை நீதிமன்ற அனுமதி வாங்காமல் விற்றார்கள், பவர் (தனக்காக விற்க இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தவர் இறந்த பிறகு அந்தப் பவரை வைத்துப் பத்திரம் போட்டார்கள், இப்படி. அதை விலை குறைத்து விற்றால் வாங்கியவரோடு சேர்ந்து நீங்களும் நீதிமன்றம் போவீர்கள். ஆனால் அதில் பெரும்பகுதியைச் சரிசெய்ய முடியும்: விடுபட்டவரிடம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், எழுத்துப் பிழைக்குப் பிழைத்திருத்தல் பத்திரம், அசல் தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகார், பத்திரிகை அறிவிப்பு, சான்றிட்ட நகல். சரிசெய்ததும் முழு விலைக்கே போகும். அனுமதிப் பழுது நேர் எதிர். பெரும்பாலும் சரிசெய்ய முடியாது, ஆனால் சொல்லி விற்க முடியும். வங்கியின் உதவி தேவைப்படாத ஆளைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

எந்த நோய் என்று வங்கி தானாகச் சொல்லாது. கடன் கேட்டவர் மூலமாகக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "கொள்கைக்கு உட்படவில்லை" என்று ஒற்றை வரியில் தட்டிக் கழித்தால், வழக்கறிஞர் அறிக்கையா, மதிப்பீட்டு அறிக்கையா, எதில் நின்றது என்று மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். முன்னதில் நின்றால் பெரும்பாலும் உரிமை. பின்னதில் நின்றால் கட்டடம்.

என் வில்லங்கச் சான்றில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. 2019இல் அடைத்து முடித்த கடன் அதில் உயிரோடு நின்றது! கடன் முடிந்த கடிதத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடமான ரத்து ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. அதற்கு ஒரு மாதம் போனது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். இன்று இரவே பாருங்கள்.

அதன்பின் விளம்பரத்தை மாற்றினேன். முதல் வரியிலேயே "வங்கிக் கடன் கிடைக்காது, மூன்றாம் மாடி வரைபட அனுமதியில் இல்லை" என்று போட்டேன். விற்றாற்போலத்தான் என்று தரகர் தலையில் அடித்துக்கொண்டார். அழைப்புகள் பத்தில் ஒன்றாகக் குறைந்தது உண்மை. ஆனால் அழைத்தவர்கள் எல்லோரும் கையில் பணம் வைத்திருந்தவர்கள். வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டமே சொல்கிறது. ஆகவே நான் பெரிய யோக்கியன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடன் வேண்டாத ஆட்கள் நம் பக்கம் யார் யார் தெரியுமா? ஓய்வுபெற்றுப் பணிக்கொடை வாங்கிய தொழிற்சாலை ஆட்கள். நிலம் விற்ற பணத்தை வைத்திருக்கும் விவசாயிகள். வாடகை வருமானத்துக்காக வாங்கும் பெங்களூர்க்காரர்கள். அதே கட்டடத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் (முதலில் இவர்களைத்தான் கேட்க வேண்டும், நான் கடைசியில் கேட்டேன்). வாங்கியவர் இந்தப் பட்டியலில் எதிலும் இல்லை. ராயக்கோட்டையில் தக்காளி வியாபாரம். மகளுக்கு ஓசூரில் வேலை, அவளுக்கு ஒரு வீடு வேண்டும்.

வந்தவர் அறைகளைப் பார்க்கவில்லை. நேராக மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஆழ்துளைக் கிணறு கோடையில் வற்றுமா என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து, "வங்கி நம்பாத வீட்டை நான் எதற்கு நம்ப வேண்டும் சார்?" என்றார். பதினான்கு மாதத்தில் எவரும் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை. வழக்கறிஞரின் நான்கு பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். "இதை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள் அண்ணா. நிலத்தில் 400 சதுர அடி பிரிபடாத பாகம் உங்களுக்கு எழுதித் தருவேன், அதில் சண்டையில்லை. மாடிக்கு நாளை அரசு நோட்டீஸ் வந்தால் அது உங்கள் தலைவலி. அதற்குத்தான் விலை குறைவு" என்றேன். பத்து நாள் கழித்து வந்தார்.

அதே தெருவில் முறையான அனுமதியுள்ள கட்டடத்தில் இதே அளவு ஃபிளாட் 29 லட்சத்துக்குப் போயிருந்தது. எனக்கு இருபத்தொன்றரை. கால் பங்கு குறைவு. நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன், ஏனென்றால் அவரும் ஒருநாள் விற்கும்போது இதே குறைவான கூட்டத்திடம்தான் விற்க வேண்டும். பாதி விலை என்பது பழுதின் விலையையும் தாண்டி, உங்கள் பயத்தின் விலை.

அவர் ஆறு லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். கடன் வேண்டாத ஆட்களிடம் இந்தப் பேச்சு வந்தே தீரும். சொத்து விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2015 ஜூன் முதல் தடை இருக்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கிய கைக்கு. முடியாது என்றேன். முணுமுணுத்தார், வங்கியில் போட்டு மாற்றினார். பத்திரத்தில் மூன்றாம் மாடி அனுமதி நிலையை வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி இல்லாமல் நீங்கள் கையெழுத்திடக் கூடாது.

வரி விஷயத்தில் ஒன்று. விலையைக் குறைக்கிறேன் என்று, பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்புக்குக் கீழே பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டால், அரசு மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொண்டு வருமான வரி போடுவார்கள். என் பேரம் அதற்கு மேலே நின்றது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்பதால் லாபத்தில் பணவீக்கக் குறியீட்டோடு (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு) 20 சதவீதம், குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் இரண்டில் குறைவானதைக் கட்டலாம். என் 16 லட்சம் குறியீட்டின்படி 31 லட்சத்தைத் தாண்டியது. வரி இல்லை. கணக்கில் நஷ்டம்தான், ஆனாலும் அன்றைக்கு இனித்தது.

இனி உங்கள் தரகர். பாதி விலைக்கு அவர் கேட்பது தனக்காக இருக்காது. "ஒரு லட்சம் முன்பணம், பதினோரு மாத ஒப்பந்தம்" என்றோ "பவர் எழுதிக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றோ வருவார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அந்தப் பதினோரு மாதமும் அவர் உங்கள் வீட்டைக் கூவி விற்பார், உங்களால் வேறு யாரிடமும் பேச முடியாது. இரண்டுக்கும் இணங்க வேண்டாம்.

"அப்பா வாங்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இப்போது இல்லை, உயிலும் எழுதவில்லை என்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லோருமே கையெழுத்திட வேண்டும். வங்கிகள் மறுத்ததே அதனால்கூட இருக்கலாம், அப்படியென்றால் சரிசெய்யக்கூடிய பழுது உங்களுடையது. மூன்று வங்கிகளும் சொன்ன காரணம் ஒன்றுதானா, கட்டிய வருடம் என்ன, தாய்ப் பத்திரத்தின் அசல் வீட்டில் இருக்கிறதா என்று கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.