கொட்டினதும் குழாயைத் தேடாதீர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கம்பெனியில் கெமிக்கல் கொட்டிவிட்டது. என்ன செய்வது? (மணலி)

என்ன கெமிக்கல்? எவ்வளவு? இரண்டுமே கடிதத்தில் இல்லை. டிரம்மில் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கான எஸ்.டி.எஸ். (பாதுகாப்புத் தகவல்) தாளில் 16 பகுதிகள். 4-இல் முதலுதவி, 6-இல் கொட்டினால் செய்யவேண்டியது, 8-இல் போடவேண்டிய கவசம். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை, பெயர் தெரியாததன் கிட்டே போகாதீர்கள்.

பிளேட்டிங் (முலாம் பூசும்) பட்டறையில் 50 லிட்டர் சல்ஃபியூரிக் ஆசிட் கேன் உடைந்தது. சூப்பர்வைசர் பைப்பைப் பிடித்து வாய்க்காலில் அடித்துவிடச் சொன்னார். அடித்தோம். சரிதானே? (விச்சூர்)

சரியில்லை. இந்தப் பைப் வைத்தியம் இல்லாத பட்டறையே வடசென்னையில் கிடையாது போலிருக்கிறது.

அடர் ஆசிட்டில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். முதலில் போவது பைப் பிடித்தவரின் முகம். அப்புறம் அந்த வாய்க்கால். பிளேட்டிங் பட்டறை என்கிறீர்கள். சயனைடு தொட்டி கழுவிய தண்ணீரும் அதில்தான் ஓடுகிறதா? ஆசிட்டும் சயனைடும் சேர்ந்தால் வருவது ஹைட்ரஜன் சயனைடு என்ற கொல்லும் வாயு. ஹைப்போ (பிளீச்சிங் திரவம்) கலந்திருந்தால் குளோரின் என்ற விஷ வாயு. நீங்கள் பிழைத்தது அன்றைக்கு வாய்க்காலில் வேறெதுவும் இல்லாததால்தான். வெளியே போனால் மட்டும் தொலைந்துவிடுமா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து போன எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படகு, வலை எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டதே.

முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். ஆசிட் இன்னும் எட்டாத வாய்க்கால் வாயை மணல் மூட்டையால் அடையுங்கள். இரண்டு மூன்று லிட்டர் என்றால், பயிற்சி பெற்றவர் முகக்கவசம், ஆசிட் கிளவுஸ், கம்பூட்டோடு சோடா ஆஷை (சலவை சோடாத் தூள்) ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவலாம். லிட்டருக்குச் சுமார் 2 கிலோ பிடிக்கும். உங்கள் கேனுக்கு 100 கிலோ. பட்டறையில் இருந்தது எவ்வளவு? 50 லிட்டர் என்றால் 101-ஐக் கூப்பிடுங்கள். மரத்தூள் கூடவே கூடாது. நைட்ரிக் ஆசிட் என்றால் தீயே பிடிக்கும். அள்ளியதைப் பிளாஸ்டிக் டிரம்மில் பெயர் எழுதி, கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அப்படியே அந்தச் சிவப்பு மணல் வாளியில் கிடக்கும் பீடித்துண்டையும் டீ கப்பையும் எடுத்துப் போடுங்கள்.

காஸ்டிக் சோடா கொட்டினால் ஆசிட் ஊற்றிச் சமன் செய்யலாமா? (திருவொற்றியூர்)

வேண்டாம். ஒரு ஆபத்து போதும்.

தின்னர் டிரம் சாய்ந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா? (மாதவரம்)

சாதாரண ஃபேன் என்றால் சுவிட்சையே தொடாதீர்கள். போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். கதவைத் திறந்துவிட்டு, செல்போனை வெளியே வந்தபின் எடுங்கள்.

ஐஸ் பிளான்டில் அம்மோனியா கசிந்தால் ஈரத்துணி போதுமா? (காசிமேடு)

தப்பி ஓட உதவும். வால்வை மூட அல்ல. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடி அம்மோனியாக் குழாய் கசிந்து ஊரே வீட்டைவிட்டு ஓடியது ஞாபகமிருக்கும். ஓடும்போது காற்று போகும் திசையில் ஓடாதீர்கள். குறுக்கே போய் விலகுங்கள். என்-95 மாஸ்க் தூசிக்குத்தான், வாயுவுக்கு இல்லை. வால்வுக்குப் போகிறவருக்குக் காற்று சிலிண்டரோடு கூடிய கவசம் வேண்டும். வெளியே இன்னொருவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். திரவமாகத் தேங்கிய அம்மோனியாமேல் தண்ணீர் அடித்தால் புகை இன்னும் கிளம்பும். மறுபடியும் அதே பைப்!

கண்ணில் காஸ்டிக் தெறித்தால் எவ்வளவு நேரம் கழுவுவது? (எண்ணூர்)

குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் 30. இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவுங்கள். 108 வரும்வரை நிறுத்தவேண்டாம். உடம்பில் பட்டதற்கு மட்டும் தண்ணீரைத் தாராளமாகச் செலவழியுங்கள்.

ஸ்டீல் வெல்டிங் கறை எடுக்கும் பிக்ளிங் பேஸ்ட் கையில் பட்டது. எரிச்சல் இல்லை, துடைத்துவிட்டேன். பரவாயில்லையா? (கொருக்குப்பேட்டை)

பரவாயில்லை இல்லை. அதில் பெரும்பாலும் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கும். வலி மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். அதற்குள் உள்ளே இறங்கி எலும்புவரை போயிருக்கும். பட்டவுடன் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவியிருக்கவேண்டும். கடிதம் எழுதிய நேரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம். டப்பா லேபிளையும் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள்.