பழைய விண்வெளிப் படங்களில் சின்னச் சின்ன அறிவியல் தப்புகளைத் தேடிக்கொண்டிருந்தால் படம் பார்க்கும் ரசனை கெட்டுப்போகாதா?

எனக்குக் கெட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கெடும், அதை ஒத்துக்கொள்கிறேன். "மாப்ள, நக்கீரர் வேலையெல்லாம் வேணாம், படத்தப் பாரு" என்று என் மாமா மகன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். மதுரையில் பிறந்துவிட்டு அந்த வேலையை எப்படி விடுவது?

அவன் முதன்முதலில் அப்படிக் கத்தியது ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' பார்த்தபோது. 1968இல் வந்த படம், அதாவது நிலவில் மனிதன் கால் வைப்பதற்கு ஒரு வருஷம் முன்னால். அதில் நிலவுக்குப் போகிற ஓடத்தில் ஒருவர் எடையற்ற நிலையில் உட்கார்ந்து ஸ்ட்ராவில் சாப்பாட்டை உறிஞ்சுவார், வாயை எடுத்ததும் ஸ்ட்ராவில் ஏறியிருந்தது மறுபடி கீழே இறங்கிவிடும். சிம்மக்கல்லில் நின்று பன்னீர் சோடா குடித்தால் அப்படித்தான் இறங்கும், இங்கே புவியீர்ப்பு இழுக்கிறது. எடையே தெரியாத இடத்தில் அது ஏன் இறங்க வேண்டும்? நிஜத்தில் தொல்லை நேர் எதிர்: சர்வதேச விண்வெளி நிலையத்தில் பானப் பையின் ஸ்ட்ராவுக்கு ஒரு கிளிப் உண்டு, குடித்ததும் அதை அழுத்தி மூடாவிட்டால் உள்ளே இருப்பது தானாக வெளியே வந்துவிடும்.

இத்தனைக்கும் அதே படத்தில் ஒரு பேனா காற்றில் மிதப்பதைக் காட்ட, அதை ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தகட்டையே மெதுவாகச் சுற்றிப் படம் பிடித்திருக்கிறார்கள். பேனாவுக்கு அவ்வளவு மெனக்கெட்டவர்கள் ஸ்ட்ராவில் கோட்டை விட்டதுதான் எனக்குச் சுவாரசியம். விண்வெளியில் டமால் டுமீல் என்று வெடிச்சத்தம் கேட்கிற படங்களை நான் சீண்டுவதே இல்லை. ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

அந்தப் படத்திலேயே ஹெல்மெட் இல்லாமல் ஒருவன் வெற்றிடத்தில் பாய்வான். எல்லாரும் அதைத்தான் தப்பு என்பார்கள், ஆனால் சில நொடி தாங்கலாம். 1966இல் நாசா சோதனை ஒன்றில் உடையில் காற்று கசிந்தவர் ஏறக்குறைய 14 நொடி நினைவோடு இருந்து, பிழைத்தும்விட்டார். தப்பு என்னவென்றால் படத்தில் அவன் மூச்சை அடக்குகிறான். அடக்கினால் உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும், மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும்.

அப்புறம் 1977இன் 'ஸ்டார் வார்ஸ்'. "பன்னிரண்டு பார்செக்குக்குள் முடித்த கப்பல்" என்று ஒருவன் வேகத்துக்குப் பெருமை அடிப்பான். பார்செக் தூரத்தின் அளவு, 3.26 ஒளியாண்டு. திருச்சிக்கு எவ்வளவு நேரத்தில் போவாய் என்று கேட்டால் "நம்ம வண்டி 130 கிலோமீட்டருக்குள்ள போயிரும்ணே" என்கிற மாதிரி. குறுக்கு வழியில் போனான் என்று ரசிகர்கள் சப்பைக்கட்டு கட்டுவார்கள், சரி, போகட்டும்.

போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு மாமா மகனிடமிருந்து போன். 'தி மார்ஷியன்' பார்த்துக்கொண்டிருந்தானாம், அது ஒன்றும் பழைய படமில்லை. "மாப்ள, செவ்வாய்ல காத்தழுத்தம் நம்ம ஊர்ல இருக்கறதுல நூத்துல ஒரு பங்குகூட இல்லைன்னியே, அப்ப அந்தப் புயல் எப்படி ராக்கெட்டச் சாய்க்கும்?" முக்கால் மணி நேரம் போனை வைக்கவில்லை.