ரோசாவும் புகையிலையும் சேர்ந்த சென்ற் ஆண்களுக்குப் பொருந்துமா?

"ரோசா பெண்களின் வாசம்தானே, புகையிலை கலந்தால் மட்டும் ஆண்களுக்குச் சரிவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவிலிருந்து வந்த மாமா யாரோ கையில் திணித்துவிட்டுப் போயிருப்பார், போடுவதா விடுவதா என்று தெரியாமல் அலுமாரிக்குள் வைத்திருப்பீர்கள். தாராளமாகப் போடுங்கள். நான் போட்ட மாதிரி மட்டும் வேண்டாம்.

போன ஆவணியில் சித்தியின் மகளுக்குக் கல்யாணம். கழுத்தில் இரண்டு, நெஞ்சில் இரண்டு, சால்வையில் ஒன்று என்று ஐந்து தரம் அடித்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை. அரை மணித்தியாலத்தில் ரோசா அடங்கிப் புகையிலை எழும்பிவிட்டது. பெரிய மாமி கிட்ட வந்து மூக்கைச் சுருக்கி, "தம்பி, நீயும் பத்தத் துவங்கிட்டியோ?" என்று நாலு பேருக்குக் கேட்கக் கேட்டார். நான் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. அன்றிரவே அம்மா என் காற்சட்டைப் பொக்கற்றுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

சென்றில் இருப்பது புகை இல்லை, இலை. என் அப்பப்பா புகையிலைத் தோட்டம் செய்தவர். குடிலுக்குள் பொச்சுமட்டை மூட்டிப் புகை போட்டபிறகு வருகிற காரமான மணம்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். புகை போட முதல் வாடிக் கிடக்கிற இலையை மோந்து பாருங்கள்: வைக்கோல், தேன், கொஞ்சம் முந்திரிகை வத்தல். சென்ற் செய்பவர்கள் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான். ரோசா எண்ணெயின் மணத்துக்கு முக்கியமான டமாசினோன் என்ற சேர்வை பதப்படுத்திய புகையிலையிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியாது. நல்ல சரக்கு என்றால் ரோசா பன்னீர்ச் செம்பு மாதிரி இனிக்காது. கல்யாணத்துக்கு அடுத்த நாள் ஆணியில் தொங்குகிற மாலை மாதிரி, வாடி, கொஞ்சம் கசந்து இருக்கும்.

ஆண் பெண் கணக்கும் சும்மா கதை. 1919 இல் பிரான்சின் காரோன் நிறுவனம் 'தபாக் ப்ளோன்' என்று புகையிலையின் பெயரிலேயே விட்ட சென்ற் பெண்களுக்கானது. அரபு நாட்டு ஆண்கள் ரோசா அத்தரைக் கூச்சமில்லாமல் பூசுகிறார்கள். (புகையிலைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். மோப்பத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.) ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும், ஆகவே மலிவான போத்தலில் அசல் ரோசாவைத் தேடாதீர்கள்.

எங்கள் வெக்கைக்கு சேட்டுக்குள்ளே நெஞ்சில் ஒரு தரம் போதும், அதுவும் பின்னேரத்தில்.

உண்மையில் அன்று எனக்கு மாமியில் கோபமில்லை, வீடியோக்காரரில்தான். தாலி கட்டி முடிந்தும் மாப்பிள்ளை பொம்பிளையை விடாமல் நடக்கவிட்டு, திருப்பி நடக்கவிட்டு, மூன்று மணிக்குத்தான் பந்தி. நான் இருந்தபோது பாயாசம் முடிந்துவிட்டது.