தோட்டத்தில் விழுந்த கிடங்கும் வேறு கேள்விகளும்

புத்தூரிலிருந்து: ஐயா, பெருமழை விட்ட மறுநாள் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் ஒரு கிடங்கு விழுந்திருக்கிறது. வாய் வண்டிச் சில்லு அளவுதான். மண் போட்டு மூடிவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. நம் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது பல இலட்சம் ஆண்டுகள் பழைய, மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, கல்லின் வெடிப்புகளில் இறங்கி, நெடுங்காலமாக அதைத் தின்றுவருகிறது. அப்படி உண்டான பொந்துக்குள் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து இறங்கும். மேலே மிச்சமிருக்கும் மண்கூரை மழையில் ஊறிப் பாரம் கூடியதும் ஒருநாள் பொத்தென்று விழும்.

நீங்கள் பார்ப்பது வாய் மட்டும். உள்ளே வயிறு அதைவிட அகலமாக இருக்கலாம். விளிம்பில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். தள்ளிக் கயிறு கட்டுங்கள், வெள்ள வாய்க்காலை வேறு பக்கம் திருப்புங்கள், பிரதேச செயலகத்துக்கு அறிவியுங்கள். வெறும் மண் போட்டால் அடுத்த மாரியில் அதுவும் உள்ளே போய்விடும். அடியில் பெருங்கல், அதன்மேல் சிறுகல், பிறகு மண் என்று நிரப்புவதே முறை. குப்பையை மட்டும் கொட்டிவிடாதீர்கள். அயல் வளவுக் கிணற்றுக்கு அது நேர்வழி.

அச்சுவேலியிலிருந்து: நிலாவரைக் கிணறும் இப்படி விழுந்ததுதானா? அதற்கு அடியே இல்லை என்கிறார்களே?

ஆம், குகைக்கூரை இடிந்து உண்டானதுதான். அடி உண்டு. அதில் போட்ட எலுமிச்சம்பழம் கடலோரக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்ற கதையைச் சிறுவயதில் நானும் நம்பியவன்தான்! வியப்பு வேறிடத்தில் இருக்கிறது: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குடாநாடு முழுவதும் மழைநீர் இப்படித்தான் கனமான கடல்நீரின்மேல் மிதக்கிறது. கணக்குப்படி நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும். கிணற்றில் தண்ணீர் குறைகிறதென்று குழாய்க்கிணறு அடித்து, மோட்டரை நாள் முழுக்க ஓடவிடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கோப்பாயிலிருந்து: 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்ததுபோல மண்சரிவு இங்கே வருமா?

வராது. சரிவதற்கு மலை வேண்டுமே.

மருதங்கேணியிலிருந்து: கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். சரியா?

பாதிதான் சரி அக்கா. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும். ஆனால் உள்வாங்காமலும் அலை வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித்தட்டின் மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் வற்றியது. மேற்கே நம் பக்கம் அலையின் முகடே முந்திக்கொண்டு வந்தது. நிலம் ஆடும் என்றும் காத்திருக்க வேண்டாம். அந்த நடுக்கத்தின் மையம் இங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால். அலை இலங்கைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணிநேரம் எடுத்தது. வானொலி எச்சரிக்கை கேட்டதும் பிள்ளைகள் கடலைப் பார்க்கப் போகாமல் உள்நிலத்துக்கு ஓட வேண்டும். முதல் அலை வடிந்ததும் வீட்டுச் சாமானை எடுக்கத் திரும்பிவரக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். அடுத்த அலை அதைவிடப் பெரியதாக இருக்கலாம்.