ஓய்வு நாளில் தெரிந்துவிடும் – உடற்கட்டு: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே சந்தேகத்தைச் சுற்றியே இருந்தன: ஜிம்மில் காட்டும் ஈடுபாடு எந்தக் கட்டத்தில் வெறியாகிறது? ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: வாரம் ஆறு நாள், தினமும் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்கிறேன். நான்கு மாதமாக பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மார்புக்கு மேல் பளு தூக்குவது) ஒரு ரெப்புக்கு, அதாவது ஒரு தடவை தூக்க, 80 கிலோவிலேயே நிற்கிறது. "இன்னும் உழைப்பு பத்தல" என்கிறார் மாஸ்டர். வீட்டில் "பைத்தியம் பிடிச்சிருக்கு" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– மதுரை வாசகர், வயது 23

பதில்: முதலில் உங்கள் வாரக் கணக்கை எழுதிப் பாருங்கள். வார்ம்-அப்பை விட்டுவிடுங்கள். இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட். இன்னும் ஒன்றிரண்டு ரெப் மட்டுமே மிச்சம் என்ற நிலைவரை போகும் செட்டுகளை எண்ணுங்கள். ஒரு தசைக்கு வாரம் 10 முதல் 20 செட் பெரும்பாலோருக்குப் போதும். 15 மணி நேரம் ஜிம்மில் இருப்பவருக்கு அந்த எண்ணிக்கை எளிதாக 30ஐத் தாண்டிவிடும். அதற்கு மேல் சேர்க்கும் செட் தசையைப் பெரிதாக வளர்க்காது, மறுநாள் பலத்தைத்தான் குறைக்கும்.

டோரியன் யேட்ஸ் 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை, உடற்கட்டின் உச்சப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்றவர். அவர் பயிற்சி செய்தது வாரம் நான்கு நாள், ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு மணி நேரம். ஊக்கமருந்து பயன்படுத்தியதை அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அப்படிப்பட்ட உடலுக்கே அத்தனை ஓய்வு வேண்டியிருந்தது என்றால், மருந்து இல்லாமல் வளர நினைக்கும் உங்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

அடுத்த ஏழு நாள் டிலோட் எடுங்கள். செட்டுகளைப் பாதியாகக் குறையுங்கள், பெஞ்சில் 50 கிலோவைத் தாண்ட வேண்டாம், எந்த செட்டிலும் திணற வேண்டாம். பிறகு நான்கு நாள் திட்டத்துக்கு வாருங்கள்: திங்களும் வியாழனும் மேல் உடல், செவ்வாயும் வெள்ளியும் கீழ் உடல். பெஞ்சில் 65 கிலோவில் 3 செட், 6 ரெப் என்று தொடங்குங்கள். மூன்று செட்டிலும் 8 ரெப் வந்த பிறகே 2.5 கிலோ ஏற்ற வேண்டும். காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடுதலாகப் பல நாள் தொடர்ந்தால், தூக்கமும் கெட்டால், உடல் இன்னும் மீளவில்லை.

அந்த டிலோட் வாரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. கை துறுதுறுவென்று இருக்கும், அது இயல்பு. ஆனால் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு நூறு தண்டால் எடுக்கிறீர்கள், ஓய்வெடுத்ததற்குத் தண்டனையாகச் சாப்பாட்டைக் குறைக்கிறீர்கள், கண்ணாடியில் தோள் சுருங்கிவிட்டதாகத் தெரிகிறது என்றால் அடுத்த பதிலையும் படியுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, 65 கிலோ. வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. வேகவைத்த கோழியும் பன்னிரண்டு முட்டை வெள்ளைக்கருவும்தான். சொந்தத் தாய்மாமன் கல்யாணத்துக்கு வரவில்லை, ஜிம் போய்விடுமாம். நல்ல உடம்பு, ஆனால் "நான் ஒல்லியா இருக்கேன்" என்று தொளதொள சட்டையே போடுகிறான். திட்டினால் பேச்சை நிறுத்திவிடுகிறான்.
– ஈரோடு வாசகி

பதில்: நீங்கள் எழுதியதில் எங்களுக்குக் கவலை தருவது கோழியோ முட்டையோ இல்லை, அந்தத் தொளதொள சட்டைதான். வளர்ந்த உடம்பை ஒளிக்கிறவன் தன்னை நாம் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவரது சகாக்களும் 1993இல் உடற்கட்டு வீரர்களிடம் இதைக் கவனித்து எழுதினார்கள். 1997இல் இதற்கு மசில் டிஸ்மார்ஃபியா என்று பெயரிட்டார்கள். தசை போதவில்லை, உடம்பு சின்னதாக இருக்கிறது என்ற எண்ணம் நாள் முழுவதும் விடாமல் துரத்தும். 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில் இது உருவத் தவறுணர்வு நோயின் ஒரு வகையாக இடம்பெற்றது. கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அல்லது அறவே தவிர்ப்பது, பயிற்சிக்காக விசேஷம், தேர்வு, வேலை என்று ஒவ்வொன்றாக விடுவது, அடிபட்டாலும் நிறுத்த முடியாமல் போவது, இவை அடையாளங்கள். கடிதத்தை வைத்து நோய் இருக்கிறது என்று நாங்கள் முடிவு சொல்ல முடியாது. மருத்துவரிடம் காட்ட வேண்டிய அளவுக்கு இருக்கிறது என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறோம்.

"நல்லாத்தானடா இருக்கே" என்று தேற்றுவதால் பயனில்லை. ஐந்து நிமிடம் நிம்மதி கிடைக்கும், பிறகு மறுபடி கேட்பான். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடுவது, புரோட்டீன் டப்பாவைத் தூக்கி எறிவது இரண்டும் வேண்டாம். உடம்பைப் பற்றிப் பேசாமல் அவன் படும் பாட்டைப் பற்றிப் பேசுங்கள்: "ஜிம்முக்குப் போகாதேன்னு சொல்லல கண்ணு. போகாத நாள்ல நீ தவிக்கறதப் பாத்தாத்தான் கஷ்டமா இருக்கு. ஒரு டாக்டர்கிட்ட பேசிப் பாக்கலாமா?" அன்றே ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

சாப்பாட்டில் அவனுக்கு ஒரு கணக்கு காட்டலாம். தசை வளர்க்க ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.6 முதல் 2.2 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 65 கிலோவுக்குக் குறைந்தது 104 கிராம். இனி உங்கள் வீட்டு அடுப்பிலிருந்து பாருங்கள். காலையில் மூன்று முழு முட்டை 18, நான்கு இட்லி 8. மதியம் சாதத்தோடு 150 கிராம் கோழிக் குழம்புக் கறி 40, பருப்பு 6. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 13. இரவு மூன்று சப்பாத்தி 9, காய்ந்த எடையில் 30 கிராம் மீல் மேக்கர் 15, ஒரு கிண்ணம் தயிர் 7. மொத்தம் 116, சாதத்தில் இருப்பதைச் சேர்க்காமலே. மஞ்சள் கருவை வீசுவது வீண், முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது. கணக்கு சரியாக இருந்தும் அவனால் குழம்பைத் தொட முடியவில்லை என்றால், தடுப்பது சத்துக் கணக்கு இல்லை, பயம்.

இதற்குச் சிகிச்சை உண்டு. எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, தேவைப்பட்டால் எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனும் வகை மனநல மாத்திரை. மாத்திரையின் முழுப் பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம், இடையில் நிறுத்தக் கூடாது. அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையில் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். "வாழ்ந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். இந்த நோயில் தற்கொலை ஆபத்து நிஜமானது.

கேள்வி: முதல் முறை ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறேன், 80 கிலோ. கடைசி மூன்று நாள் தண்ணீரும் உப்பும் நிறுத்தி, 'தண்ணி மாத்திரை' போடச் சொல்கிறார் கோச். இதெல்லாம் அர்ப்பணிப்பில் சேர்த்தியா?
– சேலம் வாசகர்

பதில்: அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். சிறுநீரைப் பெருக்கும் மருந்து தண்ணீரோடு உப்புச் சத்துகளையும் குலைக்கும். பொட்டாசியம் மிகவும் குறைந்தாலும் மிகவும் கூடினாலும் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுபோகலாம். உடற்கட்டு வீரர் முகமது பெனாசிசா 1992 அக்டோபரில் ஹாலந்தில் ஒரு போட்டியை வென்ற சில மணி நேரத்தில் இறந்தார். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்ட்ஸர், தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத உடம்புக்குப் பேர்போனவர். 1996 மார்ச் 14 அன்று, போட்டி மேடை ஏறிய சில வாரத்துக்குள், மியூனிக்கில் உறுப்புகள் செயலிழந்து இறந்தார். வயது 31.

மேடைக்கே இது உதவாது. தசைக்குள் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (சேமித்த மாவுச்சத்து) சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தண்ணீரை நிறுத்தினால் தசையும் வற்றும். உடம்பு தட்டையாகும், பம்ப் (ரத்தம் ஏறித் தசை புடைப்பது) வராது. பல போட்டியாளர்கள் மறுநாள் இட்லியும் தண்ணீரும் உள்ளே போன பிறகு மேடையில் இருந்ததைவிட நன்றாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். தசைகளைப் பிரித்துக் காட்டும் வெட்டுகள் தெரியவில்லை என்றால் கொழுப்பு இன்னும் இருக்கிறது, அதை மூன்று நாளில் சரிசெய்ய முடியாது. 16 முதல் 24 வாரம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு எடையில் 0.5 முதல் 1 சதவீதம், அதாவது உங்களுக்கு 400 முதல் 800 கிராம் குறைந்தால் போதும். கடைசி வாரத்தில் தண்ணீர், உப்பு இரண்டும் வழக்கம்போல இருக்கட்டும்.

இன்னொன்றைக் கோச்சுகள் அதிகம் சொல்வதில்லை. பசியே மனதை மாற்றும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், ஆரோக்கியமான 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்கள் எந்நேரமும் உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைப் புரட்டினார்கள், எரிந்து விழுந்தார்கள், மற்றவர்களை விட்டு ஒதுங்கினார்கள். போட்டிக்காகக் கொழுப்பைக் குறைக்கும் கட்டிங்கின் கடைசி மாதத்தில் உங்களுக்கும் இவற்றில் சில வரும். அந்த நேரத்தில் கண்ணாடி சொல்வதை நம்பி இன்னும் 300 கலோரி குறைக்கக் கூடாது. உங்களை அறிந்த, நன்றாகச் சாப்பிடுகிற ஒருவர் வாரம் ஒருமுறை படம் பார்த்து முடிவு சொல்லட்டும்.

மருந்து எடுக்காத ஒரு போட்டியாளரைப் போட்டிக்கு முன்னும் பின்னுமாக ஓராண்டு தொடர்ந்து, 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. அவரது ஓய்வு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 53இலிருந்து 27க்கு இறங்கியது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 9.22இலிருந்து 2.27 நானோகிராமுக்கு விழுந்தது. போட்டி முடிந்து சாப்பிடத் தொடங்கிய பின் மீண்டன. ஆகவே உங்கள் தயாரிப்புக்கு ஒரு முடிவு நாள் இருக்க வேண்டும். மேடைக்கு மறுநாளே கலோரியை ஏற்றுங்கள். சில வாரத்தில் நான்கைந்து கிலோ ஏறும், ஏறத்தான் வேண்டும். அந்த ஏற்றத்தைப் பொறுக்க முடியாமல் உடனே அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பவர்களுக்காகத்தான் நாங்கள் பயப்படுகிறோம். நாடித்துடிப்பும் தூக்கமும் பாலுணர்வும் பழைய நிலைக்கு வரும்வரை எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: "ஒரே ஒரு சைக்கிள் போடு, அப்புறம் விட்டுடலாம்" என்கிறார் ஜிம் சீனியர். ஒரு தடவை என்றால் பரவாயில்லையா?
– திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். சைக்கிள் என்பது சில வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு போடுவது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். நல்ல கொழுப்பான எச்.டி.எல். சரியும், ரத்தம் தடிக்கும், ஆண்டுகள் போனால் இதயச் சுவர் தடிக்கும். மார்பில் வளர்ந்த சுரப்பித் திசு நிலைத்துவிட்டால் அறுவைச் சிகிச்சைதான். 'விட்டுடலாம்' என்ற பேச்சு பொய்யாவது சைக்கிள் முடிந்த பிறகு. சொந்தச் சுரப்பு திரும்ப மாதங்கள் ஆகும். அதற்குள் பலமும் மனமும் சரிய, அடுத்த ஊசியைத் தேடிக் கை போகும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் வாசகர்கள் மறைக்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள். ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கொழுப்பு, கல்லீரல், விதையை இயக்கும் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன், ஈ.சி.ஜி., எக்கோ ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தசை அதிகமுள்ளவருக்கும் கிரியேட்டின் பொடி எடுப்பவருக்கும், சிறுநீரக நலத்தைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் கூடுதலாகக் காட்டும் என்பதால், சிறுநீரகத்துக்கு சிஸ்டாட்டின்-சி பரிசோதனையையும் கேளுங்கள்.

கேள்வி: 55 கிலோ, 22 சதவீதம் கொழுப்பு. தினமும் வெயிட் ட்ரெய்னிங், பிறகு ஓட்டம். 1,200 கலோரி டயட். நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை. "டிசிப்ளின் இருந்தா இப்படித்தான்" என்கிறார்கள் தோழிகள்.
– சென்னை வாசகி, வயது 27

பதில்: தோழிகள் சொல்வது தவறு. உங்கள் உடம்புக்கு எரிபொருள் போதவில்லை. கொழுப்பு நீங்கலாக உங்கள் எடை சுமார் 43 கிலோ. பயிற்சியில் 300 கலோரி போனால் மிஞ்சுவது 900, அதாவது கிலோவுக்கு 21. இது 30க்குக் கீழே போகும்போது உடல் கருமுட்டை வெளியீட்டை நிறுத்தி மிச்சம் பிடிக்கத் தொடங்கும், எலும்பும் தேயும். 45 தான் நல்ல அளவு. 43ஐ 45ஆல் பெருக்கினால் 1,935, அதோடு பயிற்சிக்கு 300. ஏறத்தாழ 2,200 கலோரி.

முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு மகப்பேறு மருத்துவரிடம் தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ராடயால் பாருங்கள். கருத்தடை மாத்திரையால் ரத்தப்போக்கு வரவழைக்கலாம், ஆனால் அதனால் எலும்பு மீளாது, பிரச்சினை மறைந்துதான் இருக்கும். தினசரிக் கலோரியை ஒவ்வொரு வாரமும் 200, 300 வீதம் ஏற்றுங்கள். ஓட்டத்தை வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள், வெயிட் ட்ரெய்னிங் மூன்று நாள் இருக்கட்டும். சரியாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் மாதவிடாய் திரும்பச் சில மாதம் ஆகலாம். மாதவிடாய் இல்லாத காலம் மொத்தமாக ஆறு மாதத்தைத் தாண்டினால் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.