சாலிஞ்சரும் பள்ளிப் பாடமும்

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஜே.டி. சாலிஞ்சரின் 'தி கேச்சர் இன் த ரை' நாவலைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். "எப்பப் பாரு புலம்பிக்கிட்டே இருக்கான்" என்று பாதியில் மூடிவிட்டாள். 1951-இல் வந்த புத்தகத்தை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

பதில்: மகளைத் திட்டாதீர்கள். நாவலின் நாயகன் ஹோல்டன் புலம்புகிறவன்தான். ஆனால் அந்தப் பையனுக்குப் பிரியமான தம்பி ஆலி ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான், அன்று ராத்திரி கார் ஷெட் கண்ணாடியையெல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தவன் இவன். அந்தத் துக்கத்தை யாரிடம் கொட்டுவது என்று தெரியாமல்தான் பார்க்கிறவர்களையெல்லாம் போலி என்று ஏசிக்கொண்டு நியூயார்க்கில் அலைகிறான். அவன் போடும் சிவப்புத் தொப்பி எதன் குறியீடு, சென்ட்ரல் பார்க் வாத்துகள் எதன் குறியீடு என்று கேட்டு மார்க் போடும் வகுப்பில் இந்தத் துக்கம் பிள்ளைகளின் கண்ணிலேயே படாது. எனக்குக் கோபம் புத்தகத்தின் மேல் இல்லை, அதை நடத்தும் விதத்தின் மேல்தான்.

இதை நாவலே சொல்கிறது! 24-ஆம் அத்தியாயத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். ஹோல்டன் ஃபெயிலான பேச்சு வகுப்பில், பேசுகிற பையன் விஷயத்தை விட்டு விலகினால் மற்றவர்கள் உடனே கத்த வேண்டும். ஒருவன் அப்பா வாங்கிய பண்ணையைப் பற்றி ஆரம்பித்து, 42 வயதில் போலியோ வந்த மாமாவிடம் போய்விடுகிறான். காலில் மாட்டிய கருவியோடு தன்னை யாரும் பார்க்கக் கூடாதென்று ஆஸ்பத்திரிக்கே ஆள் வரவிடாத மாமா. வகுப்பு கத்துகிறது, வாத்தியார் மார்க்கைக் குறைக்கிறார், ஹோல்டனுக்கோ அந்த மாமாவைத்தான் பிடித்திருக்கிறது. எனக்கும்தான்.

கேள்வி: இவ்வளவு புகழ் வந்தபிறகு சாலிஞ்சர் ஒளிந்துகொண்டாரே, அது திமிர் இல்லையா?

பதில்: இல்லை என்பேன். 1953-இல் நியூ ஹாம்ப்ஷயரில் கார்னிஷ் என்ற சிற்றூருக்குக் குடிபோன புதிதில் அங்கிருந்த பள்ளிப் பிள்ளைகளோடு நன்றாகத்தான் பழகினார். பள்ளிப் பக்கத்துக்கென்று ஒரு மாணவி எடுத்த பேட்டியை உள்ளூர்ப் பத்திரிகை எடுத்துப் பெரிதாகப் போட்டதும் மனம் விட்டுப்போய் ஒதுங்கிவிட்டார். 1965-இல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் வந்த கதைதான் கடைசி. அப்புறம் 2010-இல் 91 வயதில் இறக்கும்வரை புதிதாக ஒன்றும் வெளியிடவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை, பிரசுரிக்காமல் இருப்பதில் அருமையான நிம்மதி இருக்கிறது என்று 1974-இல் ஒரு நிருபரிடம் போனில் சொன்னார். தன் கடிதங்களை வைத்து வாழ்க்கை வரலாறு எழுதப் பார்த்தவர்மேல் வழக்குப் போட்டு 1987-இல் ஜெயித்தார், ஹோல்டனை சினிமாவாக்கவும் விடவில்லை. வாசகருக்கு எழுத்தாளர் தர வேண்டியது எழுத்தை மட்டும்தான், முகத்தையும் வீட்டு விலாசத்தையும் கேட்க நமக்கு என்ன உரிமை? விட்டுப்போனவற்றை வெளியிடத் தயார்செய்வதாக 2019-இல் மகன் மேட் சொன்னார். அவசரப்படாமல் நன்றாகத் தொகுத்துத் தரட்டும், நான் காத்திருக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் பாடத்திலிருந்து எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பாடமாக வைக்காவிட்டால் பல பிள்ளைகளின் கைக்கே போகாது. நாலு புத்தகம் கொடுத்து ஒன்றை அவர்களே எடுக்கட்டும், பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுதினாலும் முழு மார்க் போடுங்கள். ஹோல்டன் ஒத்துவராவிட்டால், உங்கள் மகளிடம் 'நைன் ஸ்டோரீஸ்' தொகுப்பைக் கொடுத்து, போரில் மனம் நொறுங்கிய சிப்பாய்க்கு ஒரு சிறுமி தன் அப்பாவின் கைக்கடிகாரத்தை அனுப்பிவைக்கும் கதையை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.